சிவப்பு இல்லை

"நெருப்புல எதைப் போட்டாலும் கருகித்தானே சார் போகும், செங்கல் மட்டும் ஏன் செவக்குது?"

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லித்தருபவன் நான். பாடம் முடியும் தறுவாயில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து இப்படிக் கேட்டான். களிமண்ணுக்குள் இரும்பு இருக்கிறது. நீரோடு சேர்ந்த நிலையில் அது மஞ்சளாகவும் பழுப்பாகவும் தெரிகிறது. சூளையில் ஏறக்குறைய முந்நூறு டிகிரியில் அந்த நீர் வெளியேறிவிட, ஹெமடைட் என்னும் சிவப்பு இரும்பு ஆக்சைடு மிஞ்சுகிறது. செங்கல்லின் சிவப்பு அதுதான் என்று சொன்னேன். மரமும் துணியும் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகின்றன. மண்ணிலோ, சேரவேண்டியவை பெரும்பாலும் முன்பே சேர்ந்துவிட்டன. எரிவதற்கு அதில் அதிகம் மிச்சமில்லை.

மணி அடித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். பதிலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. என் வாழ்க்கையில் ஐந்து ஆண்டுகளை அந்தக் கேள்விக்குள்தான் நான் தொலைத்திருந்தேன். அந்தப் பையனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

*

2001 முதல் 2006 வரை நான் ஆய்வு மாணவனாக இருந்தேன். வெப்பம் தாங்கும் கனிம நிறமிகள் என்பது தலைப்பு. உறவினர்களிடம் சொன்னால் "பெயிண்ட்டா?" என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். ஆனால் விஷயம் அவ்வளவு எளிமையானதல்ல.

சாயம் வேறு, நிறமி வேறு. சாயம் கரையும், நூலுக்குள்ளும் நாருக்குள்ளும் ஊறிப் பிடித்துக்கொள்ளும். நிறமி கரையாது, நுண்ணிய துகளாகவே இருந்து நிறம் காட்டும். அவுரியின் நீலமும் மஞ்சளின் மஞ்சளும் கரிமச் சேர்மங்கள். வெயிலில் வெளுக்கும், நெருப்பில் கருகும். தரையில் பதிக்கும் ஓட்டுக்கும் பீங்கான் கோப்பைக்கும் அவற்றால் நிறம் கொடுக்க முடியாது. அங்கே நிறமானது கண்ணாடிபோல் உருகி ஓடும் பூச்சுக்குள் கிடந்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து, வெளியே வரும்போது தன் நிறத்தோடு வரவேண்டும். உருகிய பூச்சு ஏறக்குறைய எல்லாவற்றையும் கரைத்துத் தின்னும் தன்மையுடையது. அதற்குத் தப்பிப் பிழைப்பவை மிகச் சில.

நீலத்துக்குக் கோபால்ட் உண்டு. 1802-இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் கோபால்ட்டையும் அலுமினாவையும் சேர்த்துச் சுட்டு உருவாக்கிய நீலம் இன்றும் உலையைத் தாங்குகிறது. மஞ்சளுக்கும் இளநீலத்துக்கும் சிர்க்கான் என்னும் கனிமத்தின் படிகச் சட்டகம் உதவுகிறது. அதற்குள் பிரசியோடைமியத்தைச் சிறிது புகுத்தினால் எலுமிச்சை மஞ்சள், வனேடியத்தைப் புகுத்தினால் ஆகாய நீலம். பச்சைக்குக் குரோமியம். இவை எல்லாவற்றிலும் நிறம் என்பது மேலே தடவிய ஒன்றாக இருப்பதில்லை. ஓர் அணு எந்த அணுக்களின் நடுவே, எத்தனை தொலைவில், எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே நிறம். அந்த இருக்கை குலையாதவரை நிறமும் குலையாது.

சிவப்புதான் சிக்கல். நல்ல சிவப்பு வேண்டுமென்றால் காட்மியம் சல்பைடும் செலினைடும் கலந்த நிறமி இருக்கிறது. கண்ணைப் பறிக்கும் நிறம். ஆனால் காட்மியமும் செலினியமும் நஞ்சு. தனியே சுட்டால் காற்றில் சிதைந்துவிடும் என்பதால், அதைச் சிர்க்கான் உறைக்குள் பொதிந்துதான் உலைக்கு அனுப்புகிறார்கள். சீரியம் சல்பைடு அழகான சிவப்பு, நஞ்சும் குறைவு. ஆனால் காற்றில் சில நூறு டிகிரிக்குமேல் தாக்குப்பிடிக்காது. இரும்பு ஆக்சைடு மலிவானது, பாதுகாப்பானது, மனிதன் கையாண்ட முதல் நிறங்களில் ஒன்று. அதுவும் பூச்சுக்குள் ஆயிரம் டிகிரியைத் தாண்டினால் பழுப்புக்கும் கருஞ்சிவப்புக்கும் நழுவிவிடும். குங்குமம் போன்ற ஒரு சிவப்பு, நஞ்சில்லாமல், உலைக்கு அஞ்சாமல் வேண்டும். தொழிற்சாலைகள் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான்.

நான் தேர்ந்தெடுத்தது சீரியம் ஆக்சைடு. அதன் படிகத்தில் பிரசியோடைமியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுத்தினால் வெளிர்மஞ்சள் மாறிச் செம்மை ஏறும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. அந்தச் செம்மையை இன்னும் தள்ளிக்கொண்டு போக வேறு எந்த அணுவைச் சேர்க்கலாம் என்பதே என் கேள்வி. அருமண்களைப் பற்றி எனக்கு ஓர் உள்ளூர்ப் பெருமையும் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டறிந்தார். சீரியமும் பிரசியோடைமியமும் மோனசைட்டுக்குள் இருப்பவை. சிர்க்கானும் அதே மணலில் கிடைக்கிறது. சின்ன வயதில் நாங்கள் கால் புதைய நடந்த கருமணல், உலகத்தின் குளியலறை ஓடுகளுக்கெல்லாம் நிறம் கொடுக்கும் சரக்கு என்பதை ஆய்வுக்கூடத்தில்தான் அறிந்துகொண்டேன். திருவனந்தபுரத்தில் உள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வு நிறுவனத்தில் இதே அருமண் நிறமிகளில் தொடர்ந்து நல்ல வேலை நடந்துவருகிறது. அவர்களுடைய கட்டுரைகளைப் பிரதியெடுத்துப் பாராயணம்போல் படித்த காலம் அது.

*

ஆய்வு நாட்களை இன்று நினைத்தால் நினைவுக்கு வருவது நிறங்களல்ல, அகேட் கல்வத்தின் ஓசைதான். பொடிகளை எடைபோட்டு, கல்வத்தில் இட்டு, அசிட்டோன் விட்டு மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். அரைத்ததை அலுமினா மூசையில் நிரப்பி உலைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். உலை தன் போக்கில் ஏறி, நின்று, இறங்கும். மறுநாள் காலை கதவைத் திறக்கும்போது உள்ளே என்ன நிறம் இருக்கிறதோ அதுதான் அன்றைய தலைவிதி.

பெரும்பாலும் செங்கல் நிறம். சில நாள் ஆரஞ்சு, சில நாள் பழுப்பு. நிறத்தை அளக்க ஒரு கருவி உண்டு. அது மூன்று எண்களைத் தரும். ஒன்று வெளிச்சத்தின் அளவு, இன்னொன்று மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே எங்கே, மற்றொன்று சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே எங்கே. இந்த மூன்றாவது எண்ணைத் தவிர மற்ற இரண்டையும் நான் பார்ப்பதை நிறுத்திவிட்டிருந்தேன். அந்த எண் உயர்ந்த நாளில் தேநீருக்குப் பின் இன்னொரு தேநீர். உயராத நாளில் யாரோடும் பேச்சில்லை.

நான்காம் ஆண்டில் ஓர் இரவு வழக்கத்துக்கு மாறாக வேறு ஓர் ஆக்சைடைச் சிறிதளவு சேர்த்து உலையில் வைத்தேன். காலையில் திறந்தபோது மூசைக்குள் இருந்தது செங்கல்லும் அல்ல, பழுப்பும் அல்ல. எதிர்பாராத ஒரு நிறம். எவ்வளவு யோசித்தாலும் அதை இப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊதா கலந்த சாம்பலா, சாம்பல் கலந்த பச்சையா? ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தது நினைவிருக்கிறது. பக்கத்து மேசையில் இருந்த நண்பர் "இது என்னய்யா புதுசா?" என்று கேட்டதும் நினைவிருக்கிறது. நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அலுமினா மூசைகள் விலை அதிகம். எங்கள் கூடத்தில் எப்போதும் தட்டுப்பாடு. பொடியைச் சுரண்டிக் கழிவுத்தொட்டியில் போட்டுவிட்டு மூசையைக் கழுவிக் காயவைத்தேன். எண்ணையும் எடுக்கவில்லை, எக்ஸ் கதிர் ஆய்வுக்கும் அனுப்பவில்லை. குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு நேராக எழுதியது இரண்டே சொற்கள்: சிவப்பு இல்லை.

2006-இல் ஆய்வை முடிக்காமல் வெளியேறினேன். காரணங்கள் பல. உதவித்தொகை நின்றது, அப்பாவுக்கு உடல்நலம் கெட்டது, எல்லாவற்றுக்கும் மேலாக, செங்கல் நிறத்தை நான் வெறுக்கத் தொடங்கியிருந்தேன். ஊருக்குத் திரும்பி ஆசிரியப் பயிற்சி முடித்து, இந்தப் பள்ளியில் சேர்ந்தேன். குறிப்பேடுகள் ஐந்தும் பரணில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் போயின.

*

2009-இன் கடைசியில் இணையத்தில் ஒரு செய்தி படித்தேன். அமெரிக்காவில், ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், தற்செயலாகப் புதிய நீல நிறமி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்த குழுவின் தலைவர் மாஸ் சுப்பிரமணியன். தமிழ்ப்பெயர் என்ற மகிழ்ச்சியோடு ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் போனேன். அவருடைய முழுப்பெயரைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முன்னீர்ப்பள்ளம் அப்பாதுரை சுப்பிரமணியன்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: முன்னீர்ப்பள்ளம் என்பது மேலப்பாளையத்தைத் தாண்டிச் சேரன்மகாதேவி போகும் வழியில் உள்ள ஊர். என் பள்ளியிலிருந்து பேருந்தில் போனால் அரை மணி நேரம். ஊர்ப்பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்ளும் நம் பழைய வழக்கத்தால், தாமிரபரணிப் பாசனத்து ஊர் ஒன்றின் பெயர் அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஆய்விதழுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

சுப்பிரமணியன் சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றிவிட்டு 2006-இல் ஓரிகனுக்கு வந்தார். நான் ஆய்வைவிட்டு ஊர் திரும்பிய அதே ஆண்டு. நீலத்தையோ வேறு நிறத்தையோ அவர் அப்போது தேடவில்லை. மின்பண்பும் காந்தப்பண்பும் ஒருசேர அமைந்த பொருள்களைக் கணினித் துறைக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். இட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆகியவற்றின் ஆக்சைடுகளைக் கலந்து ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டார்கள். ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஆய்வு மாணவர் உலையிலிருந்து ஒரு மாதிரியை வெளியே எடுத்தபோது அது பளீரென்ற நீலமாக இருந்தது. மாங்கனீசு இருப்பதால் கறுப்போ பழுப்போதான் வந்திருக்க வேண்டும். அவர்கள் தேடிய பண்பு அந்தப் பொருளில் இல்லை. அவர்களுடைய குறிப்பேட்டில் 'காந்தம் இல்லை' என்று எழுதிவிட்டு மூசையைக் கழுவியிருக்கலாம். கழுவவில்லை. ஏன் நீலம் என்று கேட்டார்கள்.

விடை அணுவின் இருக்கையில் இருந்தது. அந்தப் படிகத்தில் ஒவ்வொரு மாங்கனீசு அணுவையும் ஐந்து ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கின்றன: மூன்று நடுவில் முக்கோணமாக, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆக்சைடுகளில் மாங்கனீசுக்கு இது அபூர்வமான இருக்கை. இந்த அமைப்பில் அது சிவப்பையும் பச்சையையும் விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. மாங்கனீசின் அளவைக் கூட்டிக் குறைத்தால் வெளிர்நீலத்திலிருந்து ஏறக்குறையக் கறுப்புவரை போகலாம். சூரிய ஒளியின் அகச்சிவப்புக் கதிர்களையும் அது பெருமளவு திருப்பி அனுப்புவதால், கூரைக்கு அடித்தால் வீடு சூடேறுவது குறையும். உலைச்சூட்டில் பிறந்த நிறம் என்பதால் வெயிலும் சூடும் அதை எளிதில் அசைப்பதில்லை.

மூன்று தனிமங்களின் குறியீடுகளைச் சேர்த்து 'இன்மின் நீலம்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். 2012-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 2015-இல் ஷெப்பர்ட் கலர் என்ற நிறுவனம் உற்பத்தி உரிமம் பெற்றது. ஓவியர்களின் வண்ணக்குழாய்க்குள் அதை அடைத்து விற்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் ஒப்புதல் 2020-இல்தான் வந்தது. தெனாரின் கோபால்ட்டுக்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுகள் கழித்து வந்த புதிய கனிம நீலம் என்று உலகமே கொண்டாடியது. குறையும் உண்டு: தொடுதிரைகளுக்கும் தேவைப்படும் இண்டியம் விலை மிகுந்த உலோகம் என்பதால், இந்த நீலமும் விலை குறைவதாக இல்லை. பிறகு மாங்கனீசின் இடத்தில் வேறு அணுக்களை அமர்த்தி ஆரஞ்சும் பச்சையும் ஊதாவும் கண்டார்கள். அடுத்து அவர் தேடிப் போனது, நஞ்சில்லாத, நிலைத்து நிற்கும் சிவப்பை.

முதலில் எனக்கு வந்தது பொறாமை. மறைத்துப் பயனில்லை. நான் ஐந்தாண்டு தேடி எடுக்காததை, தேடாத ஒருவர் எடுத்துவிட்டார் என்று மனம் புலம்பியது. நான்கைந்து நாட்களில் அது வடிந்தபிறகு மிஞ்சியது வேறொன்று. பரணிலிருந்து பெட்டியை இறக்கி நான்காம் குறிப்பேட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். என்ன கலந்தேன், எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தேன். கடைசி வரியில் அந்த இரண்டு சொற்கள். அதற்கு முன்னும் பின்னும் புரட்டினேன். ஐந்து குறிப்பேடுகளிலும் அதே சொற்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் என்ன வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். என்ன வந்தது என்று எழுதவில்லை.

நான் எறிந்த பொடி ஒரு கண்டுபிடிப்பு என்று சொல்ல வரவில்லை. உலையின் சுவரில் ஒட்டியிருந்த அழுக்காகவும் இருந்திருக்கலாம். இத்தகைய புதுமைகளில் பத்துக்கு ஒன்பது அப்படித்தான் முடியும். அதைக்கூட நான் உறுதிசெய்துகொள்ளவில்லை என்பதுதான் உறுத்தல். சுப்பிரமணியன் நீலத்தைத் தேடவில்லைதான். ஆனால் வாழ்நாள் முழுவதும் ஆக்சைடுகளைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு இருந்தது. மாங்கனீசு இப்படி நீலமாக வருவது இயல்பல்ல என்று அந்தக் கண்ணுக்கு உடனே தெரிந்தது. என் கண்ணை நானே ஒரே ஓர் எண்ணுக்குப் பழக்கிக் குருடாக்கியிருந்தேன்.

*

மாணவனின் கேள்விக்கு முழுமையான பதிலைத் தேடி அந்த வார ஞாயிற்றுக்கிழமை காருக்குறிச்சிக்குப் புறப்பட்டேன். மண்பாண்டத்துக்குப் பெயர்போன ஊர். நாதசுரத்துக்கும்தான். பேருந்து முன்னீர்ப்பள்ளத்தைத் தாண்டியபோது வழக்கம்போல ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். வயல், தென்னை, தேநீர்க் கடை, ஏறிக்கொள்ள நிற்கும் பெண்கள். நீலமாக ஒன்றும் இல்லை, வானத்தைத் தவிர.

பத்தமடையில் பேருந்து கொஞ்ச நேரம் நின்றது. இந்த ஊரின் கோரைப்பாய்களை அறியாதவர் குறைவு. கோரையைப் பட்டு நூல்போல் கிழித்துச் சாயமேற்றி நெய்வார்கள். சிவப்புக்கு ஒருகாலத்தில் சப்பங்கட்டையை வேகவைத்து எடுத்த சாறு. இப்போது பெரும்பாலும் கடைச்சாயம். அந்தச் சிவப்பு எனக்குக் கடைசிவரை வாய்க்காத குங்குமச் சிவப்பு. ஆனால் அந்தப் பாயில் ஒரு தீப்பொறி விழுந்தால் நிறமும் பாயும் ஒன்றாகவே போய்விடும். அதற்காக அதை யாரும் குறைவாக மதிப்பதில்லை.

காருக்குறிச்சியில் எனக்கு முன்பே அறிமுகமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். நான் போனபோது முந்தின நாள் வேகவைத்த சூளையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பானைகளை அடுக்கி, தென்னைமட்டையும் விறகும் வைத்து, வைக்கோல் பரப்பி, மேலே சேறு பூசி மூடிச் சுடும் சூளை அது. ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார். கணீரென்றால் வலப்பக்கம், இல்லாவிட்டால் இடப்பக்கம். சிவந்த பானைகளுக்கு நடுவே ஒன்றின் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு படிந்திருந்தது.

"இது விலைபோகாதே அண்ணாச்சி, கெட்டுப்போச்சா?" என்றேன்.

"கெடல்லாம் இல்ல தம்பி. சோறு வடிச்சா இதுலயும் வேகத்தான் செய்யும். வாங்குதவங்க கண்ணுக்குத்தான் பிடிக்காது." பானையைத் திருப்பிக் கறுப்பைக் காட்டினார். "இந்தப் பக்கம் காத்து எட்டல. பொகை நின்னுபோச்சு. அடுத்த சூளைக்கு வடபக்கம் ஒரு கண்ணு கூடத் திறந்துவிடணும்னு இது சொல்லுதுல்லா."

கறுத்த பானையை அவர் உடைத்துப் போடவில்லை. திண்ணையோரம் கொண்டுபோய் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு நின்றன. வெடித்தது, கோணியது, பாதி சிவந்தது. எது எந்தச் சூளையில், எந்த மூலையில் இருந்தது என்று கேட்காமலே சொன்னார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் திண்ணையைவிட நேர்மையான ஆய்வுக் குறிப்பேட்டை நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது அந்தக் கறுத்த பானையை விலைக்குக் கேட்டேன். சிரித்தார். "இதையா? சும்மா கொண்டுபோங்க." வற்புறுத்தி இருபது ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

*

அந்தப் பானை என் மேசைமேல் இருந்த வாரத்தில்தான் ஆதிச்சநல்லூர் நினைவு வந்தது. அடுத்த ஞாயிறு, எதிர்த்திசையில், திருச்செந்தூர் சாலையில் போனேன். திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீட்டர். இன்று தூத்துக்குடி மாவட்டம். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் அகழாய்வு செய்தார். 114 ஏக்கர் பரப்புள்ள ஈமக்காடு என்று அவர் பதிவுசெய்திருக்கிறார். 2004-இல் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி மீண்டும் தோண்டினார். 2021-இல் மறுபடி அகழாய்வு தொடங்கியது. இப்போது தாழிகளைத் தோண்டிய இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். குனிந்து பார்க்கலாம்.

ஆதிச்சநல்லூரின் பானைகளில் ஒரு வகை கறுப்பு-சிவப்பு. உள்பக்கமும் வாய்விளிம்பும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. இரண்டு மண்ணோ இரண்டு பூச்சோ இதற்குத் தேவையில்லை. பானையைக் கவிழ்த்து, வாய்ப்பகுதி வைக்கோலிலோ தழையிலோ புதையும்படி வைத்துச் சுட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். காற்று பட்ட வெளிப்புறத்தில் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்தது. காற்று நுழையாத உட்புறத்தில் கரி படிந்து கறுத்தது. ஒரே மண், ஒரே நெருப்பு, இரண்டு நிறம். இரண்டுமே மூவாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் மங்கவில்லை. வைகைக் கரையில் கீழடியில் கிடைத்த பானையோடுகளின் கறுப்பு உட்பூச்சில் கரிம நுண்குழாய்கள் இருப்பதாக வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2020-இல் எழுதினார்கள். அவற்றை வனைந்தவர்களுக்கு அந்தப் பெயரெல்லாம் வேண்டியிருக்கவில்லை. எந்த நெருப்பு எந்த நிறத்தைத் தரும் என்பது தெரிந்திருந்தது.

கண்ணாடிக்கு மேலே குனிந்து நின்றபோது, காருக்குறிச்சிப் பெரியவரின் கறுத்த பானை இதே சங்கதிதான் என்பது உறைத்தது. அங்கே விலைபோகாத கறை. இங்கே இறந்தவரோடு புதைக்கத் தகுந்த அழகு. எப்போதோ, இந்த ஆற்றங்கரையிலோ வேறெங்கோ, ஒருவர் சூளையைப் பிரித்திருப்பார். சிவப்பை எதிர்பார்த்திருப்பார். ஒரு பானை வாய் கறுத்து வந்திருக்கும். அவரும் அதை உடைத்துக் குப்பையில் போட்டிருக்கலாம். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, இது எப்படிக் கிடந்தது, எதற்குள் புதைந்திருந்தது என்று யோசித்து, அடுத்த சூளையில் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்க வேண்டும். இது என் கற்பனைதான். ஆனால் யாரோ ஒருவர் அப்படிச் செய்யாமல் அந்த வழக்கம் தொடங்கியிருக்க முடியாது. பெயர் தெரியாத அந்த மனிதரும் முன்னீர்ப்பள்ளத்தின் பெயரைச் சுமந்தவரும் எனக்கு ஒரே வரிசையில் தெரிந்தார்கள். அந்த வரிசையில் நிற்கும் வாய்ப்பு ஒருநாள் காலை எனக்கும் வந்தது. நான் மூசையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

*

திங்களன்று கறுத்த பானையை வகுப்புக்குக் கொண்டுபோனேன். கேள்வி கேட்ட மாணவனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தேன். "செவப்பு ஏன்னு கேட்டியே, இதுல கறுப்பு ஏன்னு சொல்லு பாப்போம்." அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அடுப்புல வச்சதா சார்?" என்றான். "இல்லை, சோறே பொங்காத பானை." பிறகு ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தது. பாடத்திட்டத்தில் அந்த மணி நேரம் எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இப்போது அவனும் இன்னும் நான்கு பேரும் சனிக்கிழமைகளில் வருகிறார்கள். வெவ்வேறு குளத்து மண்ணில் உருண்டைகள் பிடித்துக் காயவைக்கிறோம். தேரிமணலும் கொஞ்சம் வாங்கிவந்திருக்கிறோம். பள்ளியில் உலை இல்லை. பெரியவர் தன் சூளையில் ஒரு மூலையை எங்களுக்காக ஒதுக்கித் தந்திருக்கிறார். முதல் தவணையில் பன்னிரண்டு உருண்டைகள் வைத்தோம்; இரண்டு வெடித்தன, ஏழு சிவந்தன, மூன்றில் மூன்று விதமான நிறம்.

பதிவேட்டை அந்தப் பையனே கட்டம் போட்டுத் தயாரித்தான். மண் எடுத்த இடம், எடை, சூளையில் வைத்த மூலை. கடைசிக் கட்டத்துக்கு 'எதிர்பார்த்த நிறம் வந்ததா?' என்று தலைப்பிட்டு, பக்கத்தில் ஆம், இல்லை என்று எழுதியிருந்தான். அதை அடிக்கச் சொன்னேன்.

"வேற என்ன சார் எழுத?"

"என்ன நிறம் வந்ததுன்னு எழுது."

மூன்று உருண்டைகளில் ஒன்றை ஜன்னலோரம் கொண்டுபோய் அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிறத்துக்கு அவனுக்குச் சொல் கிடைக்கவில்லை. கடைசியில் 'மழைக்கு முந்தின ஆத்துத்தண்ணி மாதிரி' என்று எழுதினான். நான் அதைத் திருத்தவில்லை.